ஊர் கூடி எடையைக் குறைப்போம்

(நெட்டப்பாக்கத்தில் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



உடல் எடையைக் குறைப்பது பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். விவசாயிகள் கூட்டத்தில் விதை, உரம், தண்ணீர் ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதே வழக்கம். உழைக்கிறவனுக்கு ஏது தொந்தி, அவனிடம் எடையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தக் கேள்வி நியாயமானதாகவே இருந்திருக்கும். இன்று நிலைமை வேறு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் 1,13,043 பேரைப் பரிசோதித்து, அதன் முடிவுகளை 2023ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். நாடு முழுமைக்கும் சேர்த்துப் பார்த்தால், வயது வந்தவர்களில் 100க்கு 11 பேருக்கு நீரிழிவு நோய் காணப்பட்டது. புதுச்சேரியிலோ 100க்கு 26 பேருக்கு அந்நோய் இருந்தது. உடற்பருமன் நாட்டில் 100க்கு 28.6, புதுச்சேரியில் 53.3. வயிற்றுப் பகுதியில் கொழுப்புச் சேர்ந்தவர்கள் நாட்டில் 100க்கு 39.5, புதுச்சேரியில் 61.2. பருமன் பற்றிய இந்த இரண்டு கணக்கிலும் நாட்டிலேயே முதலிடம் நம்முடையது. நெல் மகசூலில் முதலிடம் கிடைத்தால் பெருமைப்படலாம். இந்த முதலிடம் வேதனைக்குரியது. கண் பார்வை மங்குவதும், சிறுநீரகம் பழுதாவதும், கால் புண் ஆறாமற்போவதும், மாரடைப்பும் இதன் பின்னே வரும் விளைவுகள். ஒரு குடும்பத்தின் ஏர் நிற்கும். மருத்துவச் செலவுக்காக நிலம் அடமானம் போகும்.

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். ஏற்றம் இறைத்த கை இன்று மோட்டாரின் பொத்தானை அழுத்துகிறது. ஏர் பிடித்த இடத்தில் டிராக்டர், அறுவடைக்கு இயந்திரம், வயலுக்குப் போக மோட்டார் சைக்கிள் என்று வந்துவிட்டன. இவை வந்தது நல்லதே. முதுகு ஒடிந்த காலத்துக்கு யாரும் திரும்பிப் போக வேண்டியதில்லை. ஆனால் வேலை குறைந்த அளவுக்குச் சோறு குறையவில்லை. கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் இருந்த இடத்தில் மூன்று வேளையும் வெள்ளரிசி வந்தது. இடையிடையே டீயும் போண்டாவும் வந்தன. மாலையில் பரோட்டாவும், சிலருக்கு மதுவும் சேர்ந்துகொண்டன. ஒரு கோப்பை டீக்குப் பத்து கிராம் சர்க்கரை என்று கொள்ளுங்கள். நாளைக்கு ஐந்து டீ குடிப்பவர் மாதம் ஒன்றரைக் கிலோ சர்க்கரையைத் தாம் அறியாமலே உட்கொள்கிறார். மதுவிலோ ஒவ்வொரு கிராம் சாராயமும் 7 கலோரி தரும்; கொழுப்புக்கு அடுத்தபடி அதுதான்.

யாருக்கு இது தேவை?

முதலில் ஒரு எச்சரிக்கை. எல்லோரும் எடை குறைக்க வேண்டியதில்லை. மெலிந்த குழந்தைகளும் இரத்தசோகையுள்ள தாய்மார்களும் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது நல்ல ஊட்டம். கருவுற்ற பெண்கள் எடை குறைக்க முயலவே கூடாது. நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்பவர்கள், சாப்பாட்டைக் குறைக்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும். இல்லையேல் இரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம்.

மற்றவர்கள் ஒரு அளவுநாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை வெளிவிட்ட நிலையில் சுற்றளவைப் பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேலிருந்தால் கவனம் தேவை. எடைக் கணக்கைப் பார்த்தால், 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவர் 68 கிலோவுக்கு மேலிருந்தால் பருமன் என்று நம் நாட்டவருக்கான அளவுகோல் கூறுகிறது.

இலக்கு: வரப்பு கட்டி நடப்பது போல

எடை குறைக்க வேண்டும் என்று அறியாதவர் இல்லை. ஊக்கம் பதினைந்து நாளில் வடிந்துவிடுவதே தொல்லை. பொங்கலுக்குத் தொடங்கி மாசி பிறக்குமுன் விட்டுவிடுகிறோம். இதற்கு மன உறுதி இல்லை என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வதில் பயனில்லை. திட்டம் சரியில்லை என்று எண்ணுங்கள்.

80 கிலோ எடையுள்ள ஒருவர் '20 கிலோ குறைப்பேன்' என்று சபதம் செய்கிறார். அது எட்டாத் தொலைவு. அவருக்கு முதல் இலக்கு 4 கிலோ போதும். அதாவது எடையில் 100க்கு 5. அதை ஆறு மாதத்தில் அடைந்தால் நல்லது. மாதத்துக்கு முக்கால் கிலோகூட ஆகாது. இவ்வளவு சிறிதால் என்ன நடக்கும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் நீரிழிவு வரும் நிலையிலிருந்த 3,234 பேரைக் கொண்டு ஒரு பெரிய ஆராய்ச்சி செய்து 2002ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். அதில் ஒரு பிரிவினருக்கு இட்ட இலக்கு, எடையில் 100க்கு 7 குறைப்பதும், வாரம் 150 நிமிடம் வேகமாக நடப்பது போன்ற உழைப்பும்தான். அந்தப் பிரிவில் நீரிழிவு வருவது 100க்கு 58 பங்கு குறைந்தது.

இலக்கை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். சம்பா நட்டவர் தினமும் வயலுக்குப் போய் எத்தனை மூட்டை என்று எண்ணுவதில்லை. இன்று களையெடுத்தோமா, தண்ணீர் கட்டினோமா என்றுதான் பார்க்கிறார். மகசூல் அறுவடையன்று தெரியும். எடையும் அப்படியே. கிலோ என்பது மகசூல். அது முழுவதும் நம் கையில் இல்லை. இன்று அரை மணி நேரம் நடந்தேனா, இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளாமல் எழுந்தேனா, டீயைச் சர்க்கரை இல்லாமல் குடித்தேனா, தட்டில் பாதிக்குக் கீரையும் காயும் இருந்தனவா என்பவை நம் கையில் உள்ள வேலைகள். இவற்றுள் இரண்டை மட்டும் தேர்ந்தெடுத்துச் சுவரில் மாட்டிய நாட்காட்டியில் நாள்தோறும் குறியிட்டு வாருங்கள். எடையை வாரத்துக்கு ஒரு முறை, அதே கிழமையில், காலையில் வெறும் வயிற்றில், அதே தராசில் பாருங்கள். நாள்தோறும் ஏறி இறங்குவது பெரும்பாலும் உடலிலுள்ள நீர். அதைக் கண்டு மகிழவும் வேண்டாம், வருந்தவும் வேண்டாம்.

சில மாதங்களில் எடை ஓரிடத்தில் நின்றுவிடக்கூடும். பலர் கைவிடுவது அங்கேதான். உடல் இளைத்தால் அதை நடத்துவதற்கு வேண்டிய உணவும் குறைகிறது; ஆகவே முன்பு போதுமாயிருந்த சிக்கனம் இப்போது போதாமற்போகிறது. இது இயற்கை. கொஞ்சம் கூடுதலாக நடந்து பொறுத்திருக்க வேண்டும். சென்னையில் டாக்டர் ஏ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இங்கே ஆறுதல் தரும். நீரிழிவு வரக்கூடிய நிலையிலிருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். வழக்கமான யோசனை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவையும் நடையையும் திருத்திக்கொண்ட பிரிவினரில் 39 பேருக்கே வந்தது. இத்தனைக்கும் அவர்களுடைய எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. தராசு அசையாத நாளிலும் உள்ளே நன்மை நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பரிசு: எதற்கு, எப்படி?

களை எடுத்து முடித்த அன்று ஆட்களுக்கு நல்ல சாப்பாடு போடுவது நம் வழக்கம். நமக்கு நாமே பரிசு தந்துகொள்வதும் தவறன்று. ஆனால் எடை குறைத்ததற்குப் பரிசு பிரியாணி என்றால், குளத்தை வெட்டிய மண்ணை மீண்டும் குளத்திலேயே கொட்டிய கதையாகும். நடப்பதற்கு ஏற்ற ஒரு ஜோடி செருப்பு, விடியற்காலைக்கு ஒரு டார்ச் விளக்கு, தோட்டத்துக்கு ஒரு தென்னங்கன்று, பேரப்பிள்ளைகளுடன் கடற்கரைக்கு ஒரு பயணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரிசைக் கிலோவுக்கு வைப்பதைவிட, செய்த வேலைக்கு வையுங்கள்: நான்கு வாரம் தவறாமல் நடந்தவருக்கு ஒன்று, எட்டு வாரத்துக்கு ஒன்று என்று.

பணப் பரிசு பற்றியும் சொல்ல வேண்டும். 2008ஆம் ஆண்டில் வெளியான ஒரு அமெரிக்க ஆராய்ச்சியில், 57 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினர் தம் சொந்தப் பணத்தை முன்னதாகக் கட்டி, இலக்கை அடைந்தால் கூடுதலாகத் திரும்பப் பெற்றார்கள், அடையாவிட்டால் இழந்தார்கள். இன்னொரு பிரிவுக்குக் குலுக்கல் பரிசு. மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமில்லை. 16 வாரத்தில் முதற் பிரிவினர் சராசரி ஆறே கால் கிலோவுக்கு மேலும், குலுக்கல் பிரிவினர் ஆறு கிலோ அளவும் குறைத்தனர். பரிசில்லாதவர்கள் குறைத்தது இரண்டு கிலோவுக்கும் குறைவு. ஆனால் பணம் நின்றபின் சில மாதங்களில் குறைந்த எடையில் ஒரு பகுதி திரும்பி வந்தது. பரிசு வண்டியைத் தள்ளிவிடும், தொடர்ந்து இழுக்காது. தொடர்ந்து இழுப்பதற்கு வேண்டியது கூட்டு.

கூட்டு: ஒருவருக்கொருவர் துணை

1999ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், எடை குறைக்கத் தனியாக வந்து வழக்கமான பயிற்சி மட்டும் பெற்றவர்களையும், நண்பர்களோடு சேர்ந்து வந்து குழுத் துணையுடன் பயிற்சி பெற்றவர்களையும் ஒப்பிட்டார்கள். தனியாக வந்தவர்களில் 100க்கு 76 பேர் பயிற்சியை முடித்தனர். கூட்டாக வந்தவர்களில் 95 பேர். பயிற்சி முடிந்து ஆறு மாதம் சென்றபின் பார்த்தபோது, குறைத்த எடையை முழுவதும் காப்பாற்றியிருந்தவர்கள் தனியாக வந்தோரில் 24 பேர். கூட்டாக வந்தோரில் 66 பேர். நாற்று நடுவதற்கு ஒருவர் வயலுக்கு ஒருவர் மாறி மாறிப் போன வழக்கமும், மகளிர் குழுவில் தவணை தவறாமல் கட்டும் வழக்கமும் நமக்குக் கற்பித்த பாடம் இதுவேயல்லவா?

அண்டை மாநிலமான கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்து நெய்யாற்றின்கரைத் தாலுக்காவில் இதை ஊர்தோறும் செய்து பார்த்தார்கள். 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 1,007 பேர் சேர்ந்தனர். பாதிப் பகுதிகளில் மக்கள் சிறு குழுக்களாகக் கூடினர். குழுவின் அங்கத்தினர்களிலிருந்தே துணைத் தலைவர்கள் பயிற்சி பெற்று நடத்தினர். இரண்டு ஆண்டு முடிவில் குழுப் பகுதிகளில் 100க்கு 14.9 பேருக்கும், மற்றப் பகுதிகளில் 17.1 பேருக்கும் நீரிழிவு வந்தது. இந்த வேறுபாடு உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் பெரிதன்று என்பதையும் ஆராய்ச்சியாளர்கள் மறைக்கவில்லை. எனினும் காய்கறி, பழம் உண்பது கூடியதும், மது குறைந்ததும் கண்கூடு. டாக்டர் பட்டம் இல்லாத ஊர்மக்களே இத்தகைய குழுவை நடத்த முடியும் என்பது அங்கே நிரூபிக்கப்பட்டது.

ஆகவே பஞ்சாயத்துப் பணியில் உள்ளவர்களுக்குச் சில யோசனைகள் கூறுகிறேன்.

1. தெருவுக்குப் பத்துப் பேர் கொண்ட குழு அமையுங்கள். கூடியவரை கணவனும் மனைவியும் சேர்ந்தே சேருங்கள். அடுப்பு ஒன்றாயிருக்கும் வீட்டில் ஒருவர் மட்டும் மாற முடியாது. மனைவி கீரை சமைத்தால் கணவர் முகம் சுளிக்காமலிருப்பதும் ஒரு துணையே.

2. வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரத்தில் கூடுங்கள். ஒவ்வொருவரும் தம் எடையைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும். பலர் முன்னிலையில் உரக்கப் படிக்க வேண்டாம். 'எத்தனை நாள் நடந்தீர்கள், எது கஷ்டமாயிருந்தது?' என்பதே பேச்சாக இருக்கட்டும்.

3. பரிகாசத்துக்கு இடம் கொடாதீர்கள். குண்டன், குண்டு என்று கேலி பேசுவது ஒருவரை நடக்கச் செய்யாது. கூட்டத்துக்கு வராமல் செய்யும். இரண்டு வாரம் வராதவர் வீட்டுக்கு இருவர் போய் அன்போடு அழைத்து வாருங்கள்.

4. பணம் கட்டுவதானால் சீட்டுப் போலச் சிறு தொகையாக இருக்கட்டும். வாரம் ஐந்து நாள் நடந்தவர் தம் தொகையைத் திரும்பப் பெறட்டும். தவறியவர் பணம் பொதுக் காரியத்துக்குப் போகட்டும். ஒருவர் இழந்ததை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் அது சூதாட்டமாகிவிடும்.

5. பெண்கள் அச்சமின்றி நடக்க வேண்டுமானால் வெளிச்சம் வேண்டும். ஏரிக்கரைப் பாதையிலும் ஊர்ச் சாலையிலும் எரியாத விளக்குகளை முதலில் கவனியுங்கள். பள்ளி விடாத நேரத்தில் விளையாட்டு மைதானம் திறந்திருக்க ஏற்பாடு செய்யுங்கள்.

6. நம் கூட்டங்களில் வடையும் இனிப்பும் வைப்பதற்குப் பதிலாகச் சுண்டல், அவித்த மணிலாக் கொட்டை, நீர்மோர் வையுங்கள். வழிகாட்டுகிறவர் முதலில் நடந்து காட்ட வேண்டும்.

தவறு நேராத மனிதர் இல்லை. திருவிழா வரும், கலியாணம் வரும், அறுவடை நெருக்கடி வரும். நடை நிற்கும், எடை ஏறும். ஒரு மடை உடைந்தது என்பதற்காக யாரும் வயலையே விட்டுவிடுவதில்லை; மண் வெட்டி அடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். அடுத்த நாள் காலை மீண்டும் புறப்படுங்கள். அவ்வளவே.

திருக்குறளில் 'மருந்து' என்று பெயரிட்ட அதிகாரம் பெரும்பகுதியும் உணவின் அளவைப் பற்றியே பேசுகிறது. ஆகையால் இது இன்று முளைத்த நாகரிகமன்று. கூடி முடிவெடுப்பதும் இவ்வட்டாரத்துக்குப் புதிதன்று. 1954ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இந்த நெட்டப்பாக்கத்தில் மூவர்ணக் கொடி ஏறியது. அதே ஆண்டு அக்டோபர் 18ஆம் தேதி கீழூரில் 178 பேர் கூடி, 170 பேர் ஒரே கருத்தாக இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். அப்பேர்ப்பட்ட மண்ணில், பத்துப் பேர் சேர்ந்து காலையில் அரை மணி நேரம் நடப்பது முடியாத காரியமா?

பெரிய திட்டங்களுக்காகக் காத்திருக்க வேண்டாம். இன்று இங்கிருந்து போகுமுன், யாரோடு நடக்கப் போகிறீர்கள், எந்தக் கிழமையில் எடை பார்க்கப் போகிறீர்கள் என்ற இரண்டை மட்டும் பக்கத்தில் அமர்ந்திருப்பவரோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த அறுவடை வீடு வந்து சேரும்போது, அதைச் சுமக்கும் உடலும் நலமாயிருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.