தங்கவயலின் கூரைகளும் வானலைகளும்



கண்ணுக்குப் புலப்படாத ஒன்றைப் பிடித்துக் காட்டியதில் கோலார் தங்கவயலுக்குத் தனியொரு பெருமை உண்டு. 1965ஆம் ஆண்டில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தினுள், தரைக்குக் கீழே சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் விஞ்ஞானிகள் கருவிகளை அமைத்துக் காத்திருந்தார்கள். வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் பாறையை ஊடுருவி வந்து அக்கருவிகளில் தம் தடத்தைப் பதித்தன. அத்துகள்களை உலகில் முதன்முதல் கண்டறிந்தோர் வரிசையில் தங்கவயல் அன்று இடம்பெற்றது.

அவ்வளவு அரிய செயலைப் பற்றி நான் இன்று பேச வரவில்லை. அதே ஊரில், அதே வானத்திலிருந்து, எந்தக் குடும்பமும் தன் கூரைமேல் பிடித்துக்கொள்ளக்கூடிய வேறொரு புலப்படாப் பொருளைப் பற்றியே பேசப்போகிறேன். மாதச் சந்தா ஏதுமின்றிக் கிடைக்கும் தொலைக்காட்சி அலைகளே அப்பொருள். தங்கவயலை முன்வைத்துச் சொன்னாலும், டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு ஒரு சொல் அடிக்கடி நினைவுக்கு வருவதுண்டு. 'பிராட்காஸ்ட்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் சொல் முதலில் உழவர்களின் சொல்லாக இருந்தது. விதையைக் கைநிறைய அள்ளி வயலெங்கும் வீசித் தெளிப்பதற்கு அப்பெயர். நாம் 'ஒலிபரப்பு' என்றும் 'ஒளிபரப்பு' என்றும் சொல்லும்போதும் அந்தப் பரப்புதல் என்னும் கருத்து நிலைத்திருக்கிறது. விதைப்பவன் ஒவ்வொரு விதையும் எங்கு விழுகிறது என்று கணக்குப் பார்ப்பதில்லை. வானில் பரப்பப்படும் அலையும் அவ்வாறே செல்வந்தர் மாடியிலும் தொழிலாளியின் ஓட்டுக் கூரையிலும் ஒன்றுபோல் விழுகிறது. ஏந்திக்கொள்ளக் கருவி இருந்தால் போதும்.

நம் நாட்டில் இந்த விதைப்பு 1959 செப்டம்பர் 15ஆம் நாள் டில்லியில் ஒரு பரிசோதனையாகத் தொடங்கியது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்றும், பெங்களூர் நிலையம் 1981 நவம்பரிலும் பணியைத் தொடங்கின. அக்காலத்தில் வீட்டுக்கு வீடு கூரைமேல் மீன்முள்ளைப் போன்ற ஒரு கம்பி அமைப்பு நின்றதைப் பலரும் அறிவீர்கள். ஜப்பானியப் பேராசிரியர்களான யாகி, உடா ஆகிய இருவர் 1926ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்த ஆன்டெனா அது. அதன் குறுக்குக் கம்பிகளில் ஒன்றுதான் அலையை ஏற்கும். பின்னாலிருக்கும் நீண்ட கம்பி அலையைத் திருப்பி அனுப்பும். முன்னாலிருக்கும் குட்டைக் கம்பிகள் வழிகாட்டும். ஏற்கும் கம்பியின் நீளம் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதியாக இருத்தல் வேண்டும். 180 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அது சுமார் 83 சென்டிமீட்டர். இந்தக் கணக்கை அறியாமலே எத்தனையோ அண்ணன்மார் மாடியில் ஏறிக் கம்பத்தைத் திருப்பினார்கள், "வந்துவிட்டதாடா?" என்று கேட்டார்கள், கீழேயிருந்து தம்பிமார் "போய்விட்டது அண்ணா, பழையபடி திருப்புங்கள்!" என்று குரல் கொடுத்தார்கள்.

தங்கவயலைப் பொறுத்தவரை அந்தக் கம்பத்துக்கு ஒரு தர்மசங்கடம் இருந்தது. தொலைக்காட்சி அலை ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வது, பூமியோ உருண்டை. சமவெளியில் 150 மீட்டர் உயரமுள்ள கோபுரத்திலிருந்து புறப்படும் அலை 50 கிலோமீட்டர் தொலைவுவரை எட்டும். அதனைப் பெறும் கம்பம் 10 மீட்டர் உயரமாயின் இன்னும் 13 கிலோமீட்டர் கூடும். ஆக, 63 கிலோமீட்டர். தங்கவயலுக்கு மேற்கே பெங்களூர் 70 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. கிழக்கே சென்னை 200 கிலோமீட்டரையும் தாண்டி இருக்கிறது. தமிழ் பேசுவோர் மிகுந்த ஓர் ஊர், தன் மாநிலத் தலைநகரின் அலைக்கு விளிம்பிலும் தன் மொழியின் அலைக்கு வெளியிலும் அமைந்துவிட்டது.

இலங்கையின் ரூபவாகினி 1982 பிப்ரவரியில் தொடங்கியபோது இராமநாதபுரம், நாகப்பட்டினம் முதலிய கரையோரப் பகுதிகளில் தமிழர்கள் உயரமான கம்பங்களை நட்டு, பூஸ்டர் இணைத்து அதனைப் பார்த்தார்கள் என்பது நினைவிருக்கலாம். அங்கே 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதாலகாலை மலையிலிருந்து அலை புறப்பட்டது. இடையில் தடையற்ற கடலும் இருந்தது. தங்கவயலுக்கும் சென்னைக்கும் இடையே அத்தகைய சௌகரியம் இல்லை. ஆகவே, மாநிலங்களில் குடியேறிய தமிழர் பலரும் தேசிய ஒளிபரப்பில் ஞாயிறு பிற்பகலில் முறைவைத்து வரும் மாநில மொழித் திரைப்படங்களுள் தமிழின் முறை எப்போது வரும் என்று வாரக்கணக்கில் காத்திருந்தார்கள்.

அந்தக் கம்பங்களின் காலம் இப்போது முடிந்துவிட்டது. பிரசார் பாரதி, பாதுகாப்பு முக்கியத்துவம் வாய்ந்த இடங்களிலுள்ள சுமார் 50 நிலையங்கள் நீங்கலாக, பழைய முறைத் தரைவழி ஒளிபரப்பிகளை 2022 மார்ச் 31ஆம் நாளுக்குள் நிறுத்துவதென்று முடிவு செய்தது. 2016ஆம் ஆண்டில் சென்னை, பெங்களூர் உள்ளிட்ட 16 நகரங்களில் தூர்தர்ஷனின் புதிய டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு தொடங்கப்பட்டது உண்மையே. ஆயினும் நேர்க்கோட்டுக் கணக்கு அதற்கும் பொருந்தும். தங்கவயலில் இருந்துகொண்டு அதனை நம்பி மீன்முள் கம்பி வாங்குவது வீண் செலவாகவே முடியும்.

அப்படியாயின் இலவசமாகப் பெறும் மார்க்கம் அடைபட்டுவிட்டதா என்றால், இல்லை. கோபுரம் தரையிலிருந்து வானுக்குப் போய்விட்டது, அவ்வளவே. 2004 டிசம்பரில் தொடங்கப்பட்டு, இன்று 'டிடி ஃப்ரீ டிஷ்' என்று வழங்கும் சேவையில், பூமிக்கு மேல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கு 93.5 பாகையில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் அலைகளைப் பொழிகிறது. மாதச் சந்தா இல்லை, அட்டை இல்லை, பதிவு இல்லை. டிஷ், அதன் முகத்தில் பொருத்தும் எல்.என்.பி., கம்பி, செட்டாப் பாக்ஸ் ஆகியவற்றுக்கு ஒரே ஒருமுறை ஏறத்தாழ 2,000 ரூபாய் செலவாகும். வாங்கும்போது 'எம்பெக்-4' வகைப் பெட்டியா என்று கேட்டு வாங்குங்கள். பழைய வகைப் பெட்டியில் எல்லா அலைவரிசைகளும் தெரிவதில்லை.

டிஷ்ஷை எத்திசையில் வைப்பது? தங்கவயலில் அது தென்கிழக்கு நோக்கி இருத்தல் வேண்டும். அங்கிருந்து செயற்கைக்கோள் அடிவானத்துக்கு மேல் சுமார் 67 பாகை உயரத்தில், ஏறத்தாழத் தலைக்கு மேலேயே நிற்கிறது. மும்பையில் இந்த உயரம் சுமார் 57 பாகை. டில்லியில் சுமார் 52 பாகை. திசை அங்கும் தென்கிழக்கே, டில்லியில் மட்டும் சற்றுத் தெற்காக. தங்கவயல் வாசிகளுக்கு இதில் ஒரு நன்மை உண்டு. ஊரைச் சூழ்ந்துள்ள சயனைடு மணல்மேடுகளோ எதிர்வீட்டு மாடியோ எளிதில் குறுக்கிடா. டிஷ்ஷைவிட 10 அடி உயர்ந்த சுவர் எதிரே இருந்தாலும் அதற்கு 5 அடி தள்ளி வைத்தால் போதும். மேலே கவிந்திருக்கும் மரக்கிளைதான் உண்மையான பகை.

திசைகாட்டி இல்லாதவர்களுக்குச் சூரியனே வழிகாட்டும். கோலார் வட்டாரத்தில் மார்ச்சு நடுவிலும் செப்டம்பர்க் கடைசியிலும் சில நாட்கள், முற்பகல் 11 மணியளவில், சூரியன் சரியாக அந்தச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வருகிறது. அவ்வேளையில் படம் சில நிமிஷங்கள் கலையும். பெட்டி கெட்டுவிட்டதென்று அஞ்ச வேண்டியதில்லை. அந்நேரத்தில் வெயில் தடையின்றி விழும் இடமே டிஷ் வைக்கத் தகுந்த இடம். பெருமழை கொட்டும்போதும் படம் தடைப்படலாம். மழை தணிந்ததும் மீண்டுவிடும். இடி மின்னல் வேளையில் கம்பியைப் பெட்டியிலிருந்து கழற்றி வைப்பது நல்லது. சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளைப் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில், இரண்டு அல்லது நான்கு வாய்கள் கொண்ட எல்.என்.பி. ஒன்றைப் பொருத்தி, ஒரே டிஷ்ஷை அண்டை வீட்டாரும் பகிர்ந்துகொள்ளலாம். செட்டாப் பாக்ஸ் மட்டும் வீட்டுக்கு ஒன்று வேண்டும்.

இதனால் கிடைப்பது என்ன, கிடைக்காதது என்ன என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முன்னர் பொதிகை என்று வழங்கி, 2024 ஜனவரி முதல் 'டிடி தமிழ்' என்னும் பெயருடன் இயங்கும் நம் அலைவரிசை கிடைக்கும். கன்னடத்துச் 'சந்தனா'வும் பிறமொழி அலைவரிசைகளும் கிடைக்கும். 'ஸ்வயம் பிரபா' என்னும் கல்வி அலைவரிசைகள் மாணவர்களுக்குப் பயன்படும். வானொலி அலைவரிசைகளும் அதே பெட்டியில் வருகின்றன. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தேசிய முக்கியத்துவம் வாய்ந்ததென அறிவிக்கப்படும் விளையாட்டுப் போட்டிகளின் ஒளிபரப்பைத் தனியார் தூர்தர்ஷனுடன் பகிர்ந்துகொள்ள வேண்டும், அவற்றையும் காணலாம். ஆனால் பெயர்பெற்ற தனியார் தமிழ் அலைவரிசைகளில் பெரும்பாலானவற்றை இதில் எதிர்பார்க்கக் கூடாது. தனியார் இடங்கள் ஏலத்தில் விடப்படுகின்றன, அவ்வப்போது மாறுகின்றன, இந்தி அலைவரிசைகளே அவற்றில் மிகுதி. தொடர்கதைகளை நாள்தோறும் பார்த்தே தீரவேண்டும் என்பவர்கள் சந்தா செலுத்தத்தான் வேண்டும்.

இவ்வளவு சிறிய விஷயத்துக்கு இத்தனை விளக்கம் எதற்கு என்று சிலர் எண்ணலாம். தங்கவயலின் நிலையை நினைத்துப் பாருங்கள். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனி காலூன்றியது முதல், வடஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தர்மபுரிப் பகுதிகளிலிருந்தும் சென்ற நம்மவர்கள் அந்தப் பூமியைக் குடைந்து பொன் எடுத்துக் கொடுத்தார்கள். 1902ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திர அருவியின் மின்சாரம் 140 கிலோமீட்டருக்கும் மேல் கம்பிவழி ஓடிவந்து அச்சுரங்கங்களை இயக்கியது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் அவ்வூரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் உரிகத்திலும் ரயிலேறிப் பெங்களூர் சென்று, இருட்டியபின் வீடு திரும்பிப் பிழைத்து வருகிறார்கள். கூலி தவறும் மாதத்தில் முதலில் நிற்பது கேபிள் சந்தாதான். அந்தச் சந்தாவோடு, வீட்டில் கேட்கும் தமிழும் நின்றுவிடலாகாது. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் கற்கும் குழந்தை செம்மையான தமிழ்ச் செய்தி ஒன்றைக் கேட்பது வீட்டார் பையில் பணம் இருப்பதைப் பொறுத்ததாக இருத்தல் தகுமா? அதே டிஷ் கன்னடச் செய்தியையும் கொண்டுவருகிறது. வாழும் மண்ணின் மொழியும் தாயின் மொழியும் ஒரே கம்பியில் வந்து சேர்வது குடியேறிய குடும்பத்துக்கு எத்துணை நன்மை!

இது யாரோ இடும் பிச்சையும் அன்று. வானலைகள் பொதுச் சொத்து, பொதுநலனுக்காகவே அவை பயன்படுத்தப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஒரு காலத்தில் வானொலிப் பெட்டிக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்தி வந்தோம். அதுவும் 1980களின் நடுவில் நீங்கிவிட்டது. ஆகவே, நமக்குரியதை நாம் எடுத்துக்கொள்கிறோம் என்ற உணர்வுடனேயே கூரையில் டிஷ்ஷை நிறுத்தலாம்.

ஆனால் உரிமை என்பது எடுத்தாள்வோர் இருக்கும்வரையே உயிரோடிருக்கும். பழைய ஒளிபரப்பிகள் நிறுத்தப்பட்டபோது, ஊரில் பெரிய மறுப்பு எழவில்லை. ஏனெனில் கம்பங்களைப் பலரும் முன்னமே கழற்றிவிட்டிருந்தார்கள். தங்கவயலின் மண்ணுக்குள் இருந்த செல்வம் எடுக்க எடுக்கக் குறைந்தது. வானிலிருக்கும் இந்தச் செல்வமோ எடுக்காமல் விட்டால்தான் குறையும். பாருங்கள், பார்த்ததைப் பற்றி நிலையத்தாருக்குக் கடிதம் எழுதுங்கள், இன்ன நிகழ்ச்சி வேண்டும் என்று கேளுங்கள். பிற மாநிலத்தில் இத்தனை தமிழ் இல்லங்கள் இந்த அலையை எதிர்நோக்கி இருக்கின்றன என்பது ஒளிபரப்புவோருக்குத் தெரியட்டும். தெரிந்தால்தான் விதைப்பு தொடரும்.