கண்டிக் கச்சேரியில் ஒரு யூதர்

1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து, ஓராண்டு காலம் நமது கண்டிக் கச்சேரியில் இருந்து, மலைநாட்டுச் சிங்களவரின் விவாகரத்து மனுக்களையெல்லாம் விசாரித்த லெனாட் வூல்ஃப் என்ற இளம் உத்தியோகத்தர் பிறப்பால் யூதர் என்பதும், பலஸ்தீனத்தில் யூதருக்கெனத் தனித் தேசம் வேண்டுமென்ற சியோனிசக் கொள்கையைப் பிற்காலத்தில் எதிர்த்தவர் என்பதும் நம்மிற் பலர் அறியாத செய்திகள். இஸ்ரேல் தோன்றியபின், 1957இல் அங்கே சென்று அம்மக்களின் உற்சாகத்தைக் கண்டு மகிழ்ந்தவரும் அவரே. அவரை யூதத் துவேஷி என்று சொல்ல எவர் துணிவார்?

எட்வின் மொண்டேகு இன்னும் ஒரு படி மேலே போனார். சரித்திரப் பாடத்தில் மொண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தம் என்று மனனஞ் செய்தோமே, அந்த மொண்டேகுதான். பிரித்தானிய மந்திரிசபையில் இருந்த யூதராகிய அவர், பலஸ்தீனத்தை யூதரின் தேசிய இல்லமாக்கினால் ஏனைய நாடுகளிலுள்ள யூதர் யாவரும் அந்நியராகிவிடுவர் என்று வாதாடி, 1917 ஆகஸ்டில் தாம் எழுதிய குறிப்புக்கு, அரசாங்கத்தின் யூத விரோதம் என்ற பொருள்படவே தலைப்பும் இட்டார்! ஹிட்லரின் கொடுமைக்குப் பின்னர் அவ்வாதம் பலருக்குக் கசந்தது. புகலிடமின்றி மாண்டவர் தொகை அத்தகையது.

ஆயினும் கொள்கையை எதிர்க்கிறோம் என்ற போர்வையில் பழைய துவேஷம் நுழைவதும் உண்மையே. புசல்லாவையில் டி வேர்ம்ஸ் சகோதரர் தம் தாயின் குடும்பப் பெயரைச் சூட்டிய ரொத்சைல்ட் தோட்டத்தை அறிவீர்கள். அப்பெயரைக் கேட்டதுமே உலகத்துப் பணமெல்லாம் ஒரு குலத்தின் கைக்குள் என்று கதையளந்து, யூதர் என்ற சொல்லுக்குப் பதிலாகச் சியோனிஸ்டுகள் என்ற சொல்லை மாற்றி வைப்பவன், அரசியல் பேசுகிறான் என்று நான் ஒப்பமாட்டேன். காஸாவில் இஸ்ரேல் அரசாங்கம் குண்டு வீசியது என்று கண்டிப்பது வேறு. யூதன் குண்டு வீசினான் என்று நம் தேநீர்க் கடைகளில் சொல்வது வேறு.

இவ்வேறுபாடு மலையகத்தாருக்குப் புத்தகத்தில் படித்து வந்த ஞானமன்று. 1976இல் வட்டுக்கோட்டையில் தமிழருக்குத் தனிநாடு கோரும் தீர்மானம் நிறைவேறியது. தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. மறு வருஷம் ஆகஸ்டில் கலகக்காரர் தோட்டத்து லயங்களுக்குள் புகுந்தபோது, நீ தனிநாடு கேட்டவனா என்று ஒருவரும் விசாரிக்கவில்லை. பேசும் பாஷையே போதிய சாட்சியமாயிற்று. லயத்தை விட்டு வவுனியாப் பக்கம் குடிபெயர்ந்தவர் அநேகர்.