கடாரத்து மணிகள் கூறும் செய்தி

(திருவிழாச் சிறப்புக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடாரம் என்றதும் 1025ஆம் ஆண்டில் இராசேந்திர சோழன் நடத்திய கடற்படையெடுப்பே நம் நினைவில் எழுகின்றது. ஆயினும், இந்நாட்டுக்கும் தென்னாட்டுக்கும் உள்ள உறவு அப்போரில் தொடங்கியதன்று. பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சின்னஞ்சிறு கண்ணாடி மணிகள் அவ்வுறவை வளர்த்திருந்தன.

புதுச்சேரிக்கு அருகேயுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பே மணித்தொழில் சிறந்திருந்த ஊர் அது. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் எனப் பல நிறத்தன. பெரும்பாலும் 5 மில்லிமீட்டருக்கும் சிறியவை. ஆப்பிரிக்கக் கரை முதல் கொரியா வரை கிடைக்கும் இவ்வகை மணிகளுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' எனப் பெயரிட்டவர் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ்.

செய்முறையோ வியப்புக்குரியது. உருகிய கண்ணாடியை இரும்புக் குழாயின் முனையில் திரட்டி, நடுவே துளையிட்டு, மீண்டும் உலையில் வைப்பர். மறுபுறம் நிற்கும் கைவினைஞர் அதன் நுனியைக் கொக்கியால் பற்றி இழுக்க, துளை மாறாத மெல்லிய குழல் நீண்டு வரும். அதனைத் துண்டுகளாய் நறுக்கிச் சாம்பலோடு சூடேற்றினால் கூர்விளிம்புகள் மழுங்கும், துளைகள் அடைபடா. திருப்பதி வட்டாரத்துப் பாப்பநாயுடுபேட்டையில் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இம்முறை வழங்கிற்று. பலர் கைகூடினாலன்றி ஒரு சரமும் உருவாகாது.

கெடாவின் சுங்கை மாஸ், பேராக்கின் கோலா செலின்சிங் ஆகிய இடங்களில் இத்தகைய மணிகள் மிகுதியாய்க் கிடைத்துள்ளன. அவற்றுள் சில இங்கேயே செய்யப்பட்டவை என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். ஆகவே, கடல் கடந்து வந்தது சரக்கு மட்டுமன்று. கைத்தொழிலும் வந்து இம்மண்ணில் வேரூன்றியது. மன்னனின் வெற்றியைப் பாடும் நாம், பெயர் தெரியாத அவ்வுழைப்பாளர்களையும் நினைத்தல் வேண்டும்.

2013ஆம் ஆண்டில் பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்கோயில் ஒன்றின் எச்சம் நில மேம்பாட்டின்போது இடிக்கப்பட்டது. அனைவரும் வருந்தினோம். அதன்பின் அப்பகுதிக்குச் சென்று கண்டோர் நம்முள் எத்தனை பேர்? நம் சமய வகுப்புப் பிள்ளைகளை மெர்போக் தொல்பொருள் அருங்காட்சியகத்திற்கு அழைத்துச் செல்வோம். பழம்பெரும் இடங்களில் மணியொன்று கண்ணிற்பட்டால் எடுத்து வராது, உரியவர்களிடம் தெரிவிப்போம். கிடந்த இடத்தை விட்டகன்ற மணி, தன் வரலாற்றை இழந்துவிடும்.

இந்நற்பணிக்கு இறையருள் துணை நிற்பதாக.