பழைய விளையாட்டும் புதிய பொறியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே நம் வழக்கம். இன்று யாம் கணிப்பொறி விளையாட்டைப் பற்றிப் பேச முன்வந்துள்ளோம். சங்க மேடையில் இதற்கென்ன வேலை என்று பெரியவர்கள் சிலர் புருவம் நெரிப்பது தெரிகின்றது. பின்வரிசைப் பிள்ளைகள் முகம் மலர்வதும் தெரிகின்றது. இரு சாராரும் சற்றே பொறுத்தருள வேண்டுகின்றோம்.

கோலார் தங்கவயலின் லைன் வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டி புகுந்தபின், 1990-களில் அதன் பின்னே ஒரு சிறு பெட்டியும் வந்து சேர்ந்தது. டி.வி. கேம் என்று அதை அழைத்தோம். கேசட்டு என்று நாம் சொன்ன மஞ்சள் நிறத் துண்டை அதில் செருகினால் மேரியோ ஓடுவான், காண்ட்ரா வீரர் இருவர் காட்டிடையே சுட்டுக்கொண்டு செல்வர், வாத்துகள் பறக்கும். படம் வராவிடில் கேசட்டைக் கழற்றி வாயால் ஊதி மீண்டும் செருகுவோம். ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஃபேமிலி கம்ப்யூட்டர் என்னும் பொறியைப் பார்த்துச் செய்த நகலே அந்தப் பெட்டி என்பதை அன்று நம்முள் எத்தனை பேர் அறிந்திருந்தோம்?

கணிப்பொறிப் பயிற்சி நிலையங்களுக்குச் சென்ற பிள்ளைகள் வேறு விளையாட்டுகளைக் கண்டனர். அவற்றுள் டிக்கர் என்பது நம்மவர்க்கு மிகப் பொருத்தமானது. கனடா நாட்டு விண்ட்மில் சாஃப்ட்வேர் 1983-இல் ஆக்கியது. ஒரு சிறு வண்டி மண்ணைக் குடைந்து செல்லும், மரகதங்களை அள்ளும், தங்க மூட்டையின் அடியில் குடைந்தால் மூட்டை விழுந்து உடைந்து காசு சிதறும். நாப்பின், ஹாப்பின் என்னும் பகைவர் துரத்துவர். ஒரு டன் பாறையை உடைத்துச் சில கிராம் தங்கம் எடுத்த குடும்பங்களின் பிள்ளைகள், மூட்டை மூட்டையாகத் தங்கம் கிடைக்கும் சுரங்கத்தைக் கண்ணாடித் திரையில் தோண்டி மகிழ்ந்தனர். அவ்விளையாட்டில் ஆடுவோனுக்குத் தொடக்கத்தில் மூன்று உயிர். சாம்பியன் ரீஃபில் மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கியவர்களுக்கு அச்சலுகை இருந்ததில்லை.

நிற்க. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. குடும்பங்கள் சிதறின, எஞ்சியோரில் பலர் நாள்தோறும் மாரிக்குப்பத்து இரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து மீள்கின்றனர். டி.வி. கேம் பெட்டி பரண் ஏறியது. பயிற்சி நிலையத்துப் பிளாப்பித் தட்டுகள் டிரங்குப் பெட்டியில் துணிகளுக்கு அடியில் கிடக்கின்றன. இன்று பேரப்பிள்ளை ஒருவன், "தாத்தா, அப்பா விளையாடியதை நானும் விளையாட வேண்டும்" என்று கேட்டால் என் செய்வது? பெட்டி உயிர் பெறாது. பெற்றாலும், புதிய தட்டைத் தொலைக்காட்சிகள் பலவற்றில் அதைச் செருக இடமில்லை. டிக்கருக்குரிய கணிப்பொறியோ பழைய இரும்புக் கடைக்கு எப்போதோ போய்விட்டது.

இவ்விடத்தில்தான் எமுலேட்டர் என்னும் மென்பொருள் நமக்குக் கைகொடுக்கின்றது. அது செய்யும் வேலையை நம் ஊர் வழக்கிலேயே விளக்கலாம். சுரங்கம் துரைமார் கையில் இருந்த நாளில் துரை ஆங்கிலத்தில் ஆணையிடுவார். மேஸ்திரி அதைத் தமிழிலோ தெலுங்கிலோ சொல்லி வேலை வாங்குவார். பழைய விளையாட்டின் ஆணைகள் பழைய பொறியின் மொழியில் எழுதப்பட்டவை. புதிய பொறிக்கு அம்மொழி புரியாது. எமுலேட்டர் இடையில் மேஸ்திரியாக நின்று, ஒவ்வோர் ஆணையாக வாங்கிப் புதிய பொறிக்குப் புரியுமாறு மாற்றிச் சொல்லுகின்றது. அதனோடு நில்லாது, படம் வரையும் சில்லு, ஒலி எழுப்பும் சில்லு, கைப்பிடி ஆகிய அனைத்தும் முன்போலவே இருப்பதாகப் பாவனை செய்கின்றது. வடார்க்காட்டிலிருந்து வந்த நம் முன்னோர், மாரியம்மன் கோயிலையும் தெருக்கூத்தையும் இங்கே அமைத்துக்கொண்டு, பிறந்த ஊரிலேயே இருப்பதுபோல் வாழ்ந்தார்கள் அல்லவா? பழைய விளையாட்டும் அவ்வாறே தான் பிறந்த பொறியில் இருப்பதாக நம்பி ஓடுகின்றது.

இக்கருத்து விளையாட்டுக்காகப் பிறந்ததன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1964-இல் சிஸ்டம் 360 என்னும் பெரும் பொறிகளை அறிவித்தபோது, பழைய 1401 பொறிக்கு எழுதிய நிரல்களை வாடிக்கையாளர் கைவிட மனமின்றி இருந்தனர். அவையும் ஓடுமாறு புதிய பொறியில் வசதி செய்து தந்தார்கள். கணக்கரின் தேவைக்குப் பிறந்தது பின்னாளில் பிள்ளைகளுக்குப் பயன்பட்டது.

மேஸ்திரி மொழிபெயர்த்தால் காலம் பிடிக்குமே என்பீர்கள். உண்மைதான், ஓர் ஆணைக்குப் பல ஆணைகள் செலவாகும். ஆயினும் டிக்கர் ஓடிய ஐ.பி.எம். பொறி நொடிக்கு 47 இலட்சம் துடிப்புக்குச் சற்றுக் கூடுதலாக இயங்கியது. இன்று கையிலுள்ள தொலைபேசி நொடிக்கு 200 கோடிக்கு மேல் துடிக்கின்றது. ஆகவே விரைவு போதாது என்ற கவலை இல்லை. விரைவு மிகுதி என்பதே தொல்லை. பழைய ஆட்டங்கள் பல, பொறியின் வேகத்தையே கடிகாரமாகக் கொண்டு எழுதப்பட்டவை. வேகமான பொறியில் நேரே ஓட்டினால் கண்ணிமைக்குமுன் பகைவன் வந்து விழுங்கிவிடுவான். 1990-களின் கணிப்பொறிப் பெட்டிகளில் டர்போ என்றொரு பொத்தான் இருந்ததை நினைவு கூருங்கள். பெயர் வேகம், அதன் உண்மைப் பயனோ, இத்தகைய நிரல்களுக்காகப் பொறியை மெதுவாக்குவது.

டாஸ்பாக்ஸ் என்னும் எமுலேட்டரை நெதர்லாந்து நாட்டினர் இருவர் தொடங்கினர், 2002-இல் வெளிவந்தது, இலவசமாகவே கிடைக்கின்றது. அதில் கண்ட்ரோல் விசையுடன் எஃப் 11 அழுத்தினால் ஓட்டம் குறையும். எஃப் 12 அழுத்தினால் கூடும். விளையாட்டுக் கோப்பு இருக்கும் இடத்தை முதலில் மவுண்ட் என்ற ஆணையால் காட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு, ஒன்றும் வேலை செய்யவில்லை என்று வருந்துவோரே மிகுதி. கடைத்தெருவில் காசு போட்டு ஆடும் பெரும் பெட்டிகளுக்கு மேம் என்பது உண்டு. இத்தாலியரான நிக்கோலா சல்மோரியா 1997-இல் வெளியிட்டது. நம் டி.வி. கேமுக்கு உரியவை பல. தொலைபேசியிலேயே நிறுவிக்கொண்டு, மாரிக்குப்பத்தில் ஏறி ஒயிட்ஃபீல்டு வருமுன் காண்ட்ராவின் முதற் கட்டத்தை முடிக்கலாம். உட்கார இடம் கிடைத்தால்.

எமுலேட்டருக்கும் எல்லை உண்டு. வாத்துச் சுடும் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். அது 1984-இல் பிறந்தது. துப்பாக்கியிலிருந்து ஒளி பாய்ந்து வாத்தைத் தாக்குவதாகவே நாம் எண்ணியிருந்தோம். நடந்தது நேர்மாறு. விசையை அழுத்தியவுடன் திரை ஒரு நொடிப்பிளவுக்குக் கரிய நிறமாகி, வாத்து இருந்த இடம் மட்டும் வெண்சதுரமாகும். துப்பாக்கியின் வாயில் உள்ள ஒளியுணர் கருவி அவ்வெண்மையைக் கண்டால் வாத்து வீழ்ந்தது. காணாவிடில் நாய் எழுந்து நகைத்தது. பழைய குழாய்த் திரையில் ஒளிக்கீற்று வரிவரியாக ஓடும் காலக்கணக்கை நம்பிய தந்திரம் இது. இன்றைய தட்டைத் திரை படத்தைச் சற்றே தாமதித்துக் காட்டுவதால் பழைய துப்பாக்கி குருடாகிவிடுகின்றது. எமுலேட்டரில் சுட்டியை வைத்துச் சுடலாம். ஆட்டம் நடக்கும், ஆனால் பாயில் குப்புறப் படுத்துக் குறிபார்த்த சுகம் இராது. அதையும் மென்பொருள் தரும் என்று யாம் பொய் சொல்ல விரும்பவில்லை.

இனிச் சட்டம் பற்றி ஒரு சொல். பழைய விளையாட்டு ஆதலின் உரிமையாளர் இல்லை என்று நினைத்தல் கூடாது. 1957-ஆம் ஆண்டின் நம் பதிப்புரிமைச் சட்டம் 1984-இல் திருத்தப்பெற்றபோது, கணிப்பொறி நிரலையும் இலக்கியப் படைப்பின்பாற் சேர்த்தது. (ஆகவே இம்மேடையில் இலக்கியமே பேசுகின்றோம் என்று கொள்க!) தனி ஆசிரியர் எழுதியதாயின் அவர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. முறையாக உடைமை கொண்டோர், அழியாமற் காக்கும் பொருட்டு நகலெடுத்து வைக்க அச்சட்டமே இடந்தருகின்றது. எமுலேட்டர் ஆக்குவதுதானே குற்றமாகாது என்ற கருத்துக்கு வலுவூட்டும் வகையில், சோனி நிறுவனம் தொடுத்த வழக்கொன்றில் அமெரிக்க நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது. எனினும் 2024-இல் யூசு என்ற எமுலேட்டரை ஆக்கியோர், விற்பனையில் இருந்த புதிய பொறியின் ஆட்டங்களைத் திருட வழி செய்ததாக நிண்டெண்டோ வழக்கிட, 24 இலட்சம் டாலர் கொடுக்க இசைந்தனர். நம் மஞ்சள் கேசட்டுகள் பெரும்பாலும் உரிமையின்றி அடிக்கப்பட்டவை என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகின்றோம். பழைய ஆட்டங்களை டாஸ்பாக்ஸுடன் சேர்த்தே விலைக்குத் தரும் கடைகள் இணையத்தில் உண்டு. கிடைப்பதை வாங்கி ஆடுவதே நேர்மை.

ஆனால் கிடைப்பது எவ்வளவு? அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என 2023-இல் வெளியான ஆய்வொன்று கண்டது. விற்போர் இல்லை, பழைய தட்டோ நாளுக்கு நாள் மங்குகின்றது. பிளாப்பித் தட்டின் மேற்பூச்சு காந்தத்தால் எழுதப்பட்டது. ஈரமும் பூஞ்சையும் அதற்குக் கூற்றுவன். எமுலேட்டர் எத்துணைத் திறமையுடையதாயினும், படிக்க முடியாத தட்டிலிருந்து அதனால் ஒன்றும் செய்ய இயலாது. பொறியைப் போலச் செய்ய அயல்நாட்டார் ஆயிரவர் இருக்கின்றனர். நம் டிரங்குப் பெட்டியைத் திறக்க நம்மைத் தவிர யாருளர்?

பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை நம் பிள்ளைகள் நன்கறிவர். 1989-இல் ஜோர்டன் மெக்னர் ஆக்கியது. தம் இளவலை ஓடவும் தாவவும் செய்து படம்பிடித்து, அதைப் பார்த்தே இளவரசனை வரைந்தார். அவ்விளையாட்டின் மூல நிரல் தொலைந்துபோயிற்று என்றே எண்ணியிருந்தார். 2012-இல் அவர் தந்தையார் வீட்டில் பழைய பெட்டியொன்றைக் கிளறியபோது தட்டுகள் அகப்பட்டன. வல்லுநர் துணையோடு அவற்றைப் படித்தெடுத்து உலகறிய வெளியிட்டார். இருபது ஆண்டு கடந்தும் தட்டு படிக்க வந்தது நற்பேறே.

இதனினும் பெரிய செய்தியொன்று உண்டு. இங்கிலாந்தில் 1086-இல் எழுதிய டூம்ஸ்டே என்னும் நிலக்கணக்கு ஏட்டின் 900-ஆம் ஆண்டு நினைவாக, 1986-இல் பி.பி.சி. நிறுவனம் பத்து இலட்சம் மக்களின் துணையோடு ஊர் ஊராகச் செய்தியும் படமும் தொகுத்து லேசர்த் தட்டுகளில் பதித்தது. ஆட்டுத்தோல் ஏடு இன்றும் படிக்கக் கிடைக்கின்றது. லேசர்த் தட்டோ பதினைந்து ஆண்டுக்குள் ஓட்டப் பொறியின்றித் தவித்தது. 2002-இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் எமுலேட்டர் கொண்டு அதை உயிர்ப்பித்துக் காட்டினர். அதற்கு அடிப்படையாக அவர்கள் கொண்டது, பி.பி.சி. கணிப்பொறியில் ஆர்வமுடையோர் பொழுதுபோக்காக ஆக்கி வைத்திருந்த எமுலேட்டரே! அதே பி.பி.சி. கணிப்பொறிதான் 1984-இல் தொடங்கிய கிளாஸ் திட்டத்தின்கீழ் இந்தியப் பள்ளிகளுக்கு வந்ததும்.

நம் நிலையும் அதுவே. 1990-களில் கணிப்பொறியில் அச்சுக்கோத்த தமிழ், எழுத்துரு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு குறியீடாக இருந்தது. 1999-இல் சென்னையில் நடந்த இணைய மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற முறைகள் வகுக்கப்பெற்றன. 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. அதற்கு முந்தைய கோப்பை இன்று திறந்தால் கோணல் குறிகளே தெரியும். விழா மலர்கள், திருமண அழைப்பிதழ்கள், சுரங்கத் தொழிலாளர் எழுதிய கவிதைகள் எத்தனை அவ்வாறு கிடக்கின்றனவோ! டிக்கர் ஓடும் அதே டாஸ்பாக்ஸில் பழைய விண்டோஸ் 3.1-ஐயும் நிறுவலாம். அதில் அன்றைய எழுத்துருவையும் ஏற்றினால் கோப்பு அன்றிருந்தபடியே தமிழாகத் தோன்றும். விளையாட்டுக்காகக் கற்ற வித்தை, தந்தையின் கையெழுத்துப் படியில்லாத கவிதையைத் திருப்பித் தருமாயின், பெரியவர்கள் புருவம் சற்றே இறங்கும் என நம்புகின்றோம்.

ஆதலின் சங்க நூலகத்தில் ஓர் ஏற்பாடு செய்துள்ளோம். மூன்றரை அங்குலப் பிளாப்பித் தட்டுகளைப் படிக்கும் சிறு கருவி ஒன்று வாங்கி வைத்திருக்கின்றோம்; ஞாயிறு மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை இளைஞர் இருவர் உடனிருப்பர். தட்டின் உலோக மூடியை விலக்கி உள்ளே விரல் படாதீர்கள். பூஞ்சை படிந்ததைத் துடைக்காமல், செருகியும் பார்க்காமல் அப்படியே கொணருங்கள். ஐந்தேகால் அங்குலத் தட்டுக்கு இக்கருவி உதவாது. அதற்குப் பழைய டிரைவு ஒன்று வேண்டும். யாரேனும் பரணில் பழைய கணிப்பொறி வைத்திருந்தால், எடைக்குப் போடுமுன் எமக்கு ஒரு சொல் சொல்லுங்கள். தட்டு உங்களுடையதே, நகல் எடுத்த அன்றே திருப்பித் தரப்படும். டி.வி. கேமின் துப்பாக்கி யாரிடமாவது இருந்தால் அதையும் கொணரலாம்; குழாய்த் தொலைக்காட்சி ஒன்று நூலக மூலையில் இன்னும் நல்ல நிலையில் இருக்கின்றது.