கூந்தல் சாட்சியமாகுமா?

(கிளிநொச்சியில் விவசாயிகளும் உத்தியோகத்தரும் கூடியிருந்த அவையில் ஆற்றப்பெற்ற உரை)



காணியைப்பற்றியும் நீரைப்பற்றியும் நெல் விலையைப்பற்றியும் பேசுவோம் என்று எண்ணி வந்திருப்பீர்கள். அவற்றைப் பேசாத நாளில்லை. இன்று நாம் பேச எழுந்திருப்பது பெண்ணின் கூந்தலைப்பற்றி. இது வீட்டு முற்றத்துப் பேச்சு, அரசியல் மேடைக்கு அடாது என்று எவரும் கருத வேண்டாம். இதே வன்னி மண்ணிலே, ஒரு பெண்ணின் கூந்தல் எத்தனை சாண் நீளம் என்பதைக் கொண்டு அவளுடைய தலைவிதி நிர்ணயிக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அக்காலம் போய்விட்டது. அதன் கணக்கோ இன்னும் தீரவில்லை.

ஊர் ஊராகச் சென்று நாம் கேட்ட பல பெண்களின் வரலாறுகளை ஒருத்தியின் வரலாறாகச் சேர்த்துச் சொல்கிறோம். அவளுக்குப் பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம்.

பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவோடு அவளுடைய பிறந்த முடி இறக்கப்பட்டது. பள்ளிப் பருவத்தில் தாய் நாள்தோறும் விடியற்காலையில் எழுந்து, எண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னல் பின்னி, மடித்து றிபன் கட்டி அனுப்பினாள். வெள்ளிக்கிழமை தோறும் அரப்பு வைத்து முழுக வார்த்தாள். சாமத்தியச் சடங்கிலே அக்கூந்தலுக்குப் பூச்சூட்டி ஊரார் வாழ்த்தினர். அவள் தலையில் இருந்தது வெறும் மயிரன்று. ஒரு தாயின் பத்துப் பதினைந்து ஆண்டு உழைப்பு.

2007இல் வீட்டுக்கு ஒருவர் என்று பிள்ளைகளைக் கேட்டார்கள். தாய் மறைத்துப் பார்த்தாள். அவசரக் கலியாணம் பேசிப் பார்த்தாள். பயனில்லை. பயிற்சி முகாமிலே அப்பின்னல் கத்தரிக்கப்பட்டது. தப்பி ஓடினால் தலையே காட்டிக்கொடுக்கும் என்பது அதற்கொரு காரணம். தாமாக விரும்பிச் சென்று, தம் கையாலேயே கூந்தலைக் கத்தரித்து, அதனைப் பெருமையாகக் கொண்ட பெண்களும் இருந்தனர். அவர்தம் முடிவு அவர்களுடையது. அதனை நாம் குறைத்துப் பேசோம். ஆனால் இவளிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. எம்மவர் செய்தது என்பதற்காக இதனை மறைத்துப் பேசுவது நியாயமன்று.

2009இல் முள்ளிவாய்க்கால் வரை சென்று உயிரோடு மீண்ட சனம் ஓமந்தைச் சோதனைச் சாவடிக்கு வந்து சேர்ந்தது. ஒரு நாளேனும் இயக்கத்தில் இருந்தவர்கள் தனியே வருக என்று ஒலிபெருக்கி அழைத்தது. வாயால் சொல்லாதவளை அவள் தலை சொல்லிற்று. கட்டை மயிரோடு நின்ற பெண்கள் வரிசையிலிருந்து பிரிக்கப்பட்டனர். ஒரு கை பலாத்காரமாக வெட்டியது. மற்றொரு கை அந்த வெட்டையே குற்றத்துக்கு அத்தாட்சியாக்கியது. தன் தலைமீது அவளுக்கு உரிமையுண்டு என்று இரு கைகளும் எண்ணவில்லை.

விவசாயப் பெருமக்களே, நீங்களே நீதிபதிகளாக இருந்து சொல்லுங்கள். அருவி வெட்டிய வயலைப் பார்த்தால் என்ன தெரியும்? பயிர் வெட்டப்பட்டது என்பது தெரியும். வெட்டியவன் யார்? வயலுக்கு உரியவன் சம்மதித்தானா? இரவில் வந்து களவாக வெட்டினார்களா? ஒட்டைப் பார்த்து இவற்றைச் சொல்ல முடியுமா? பதுங்குகுழியில் பேனும் புண்ணும் தாங்காமல் தாயே கத்தரித்த தலையும் உண்டு. காயத்துக்கு மருந்து கட்ட மழித்த தலையும் உண்டு. பலவந்தமாக வெட்டிய தலையும் உண்டு. எல்லாம் பார்வைக்கு ஒன்றே. இதனைச் சாட்சியம் என்று எந்தச் சட்டத்தரணி நீதிமன்றில் எழுந்து சொல்வார்?

இந்நாட்டின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 13(5)ஆம் உறுப்புரை, குற்றவாளி என எண்பிக்கப்படும் வரை ஒவ்வொருவரும் சுத்தவாளியே என்கிறது. 12ஆம் உறுப்புரை சட்டத்தின்முன் யாவரும் சமம் என்கிறது. ஏட்டில் இருந்த இவ்வுறுப்புரைகள் அவ்வரிசையில் நின்ற பெண்ணுக்கு நிழல் தரவில்லை.

இது எமக்கு மட்டும் நேர்ந்ததா? அமெரிக்காவின் கறுப்பினப் பெண்களைக் கேளுங்கள். 1786இல், அப்போது ஸ்பானியர் ஆட்சியிலிருந்த லூசியானாவிலே, ஆளுநர் மீரோ என்பவர் கறுப்பினப் பெண்கள் தம் கூந்தலைத் துணியால் மூடவேண்டும் என்று கட்டளையிட்டார். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெண்களையும் தாழ்ந்தவர் என்று அடையாளங்காட்டவே அக்கட்டளை. அப்பெண்களோ வண்ணத் துணிகளை எடுத்து அழகாகக் கட்டி, இழிவுக்கென்று இட்டதை அணியாக்கிக்கொண்டனர்.

1970இல் அஞ்செலா டேவிஸ் என்ற பேராசிரியையைத் தேடி அந்நாட்டு மத்திய புலனாய்வுத் துறை படத்தோடு விளம்பரம் ஒட்டியது. இயல்பாகச் சுருண்டு வட்டமாக எழும்பி நிற்கும் அவருடைய கூந்தலே அப்படத்தில் முதலிற் கண்ணிற் பட்டது. அதுபோன்ற கூந்தலுடைய பெண்கள் பலர் தெருவிலே மறிக்கப்பட்டுத் தொல்லைப்பட்டனர் என்று பின்னாளில் அவரே எழுதினார். 1972இல் நீதிமன்று அவரை எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவித்தது. மறிக்கப்பட்ட மற்றப் பெண்களிடம் எவர் மன்னிப்புக் கேட்டார்? ஓமந்தையைக் கண்ட எமக்கு இக்கதையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. சடைத்திரியை வெட்ட மறுத்த பெண்ணுக்கு வேலையை மறுக்கலாம் என்று 2016இலே ஒரு மேன்முறையீட்டு நீதிமன்று தீர்த்தது. அவர்கள் சட்டமன்றங்களின் கதவைத் தட்டினர். 2019இல் கலிபோர்னியா மாநிலம், கூந்தலின் இயல்பையும் பின்னலையும் காரணங்காட்டிப் பாடசாலையிலோ வேலையிலோ பாகுபாடு செய்தல் இனப் பாகுபாடே என்று முதன்முதலாகச் சட்டமியற்றியது. வேறு மாநிலங்கள் பலவும் பின்தொடர்ந்தன.

இனி எம் வீட்டுக்கு வருவோம். புனர்வாழ்வு என்ற பெயரில் அடைக்கப்பட்டு மீண்டவள் தன் கிராமத்துக்கு வந்தாள். மயிர் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய அரை அடியே வளரும். அது தோளைத் தாண்டும்வரை அவள் தலையில் துணி போட்டே கடைக்குப் போனாள். ஏன்? அவளைப் பார்த்தது இராணுவம் மட்டுமா? நாமும் பார்த்தோம். பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பாராமல் தலையைப் பார்த்தனர். வேலை கேட்டுப் போன இடத்தில் வீண் வில்லங்கம் என்று கதவைச் சாத்தினர். கணவனை இழந்தவள் ஒரு முழம் பூச்சூடினாலும் கண் சிவக்கும் ஊரல்லவா நாம்? சோதனைச் சாவடியை ஓமந்தையிலிருந்து எடுத்து ஒவ்வொரு வீட்டுப் படலையிலும் நாமே நாட்டினோம்.

வைகாசி தோறும் வற்றாப்பளைக்குப் பொங்கச் செல்கிறோம். அங்கே நாம் வணங்கும் கண்ணகி யார்? விரித்த கூந்தலோடு பாண்டியன் அவையேறி வழக்குரைத்தவள். அவள் வழக்கு எதனால் வென்றது? கூந்தலாலன்று, சிலம்பால். அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று உடைத்துக் காட்டினாள். ஆராயாது கோவலனைக் கொல்வித்த மன்னன் அவ்விடத்திலேயே உயிர் நீத்தான். தோற்றத்தைக் கண்டு தீர்ப்பளிக்காதே, சாட்சியத்தைக் கண்டு தீர்ப்பளி என்பதே அவ்வழக்கின் நீதி. அத்தெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு வரும் வழியிலே ஒரு பெண்ணின் தலையைக் கண்டு தீர்ப்பளிப்போமானால், எமது பொங்கலை அவள் ஏற்பாளா?

ஆதலின் நாம் கேட்பது இதுதான். இப்பெண்கள் வேலை தேடி வந்தால் வேலைக்குரிய தகுதியை மட்டும் கேளுங்கள். கலியாணம் பேசினால் பழைய முகாமை விசாரிக்காதீர்கள். எவரேனும் சந்தேகத்தின் பேரில் இன்னும் அவர்களைத் தொந்தரவு செய்தால், கிராமமாகத் திரண்டு உடன் செல்லுங்கள். சட்டம் படித்த நாம் கூலி வாங்காது கூட வருவோம்.

எமது பெண்ணுக்கு இன்று வயது முப்பத்தைந்துக்கு மேல். தன் மகளுக்கு விடியற்காலையில் இரட்டைப் பின்னல் பின்னிப் பள்ளிக்கு அனுப்புகிறாள். அம்மகள் வளர்ந்து அக்கூந்தலை நீட்டட்டும், கத்தரிக்கட்டும், பூச்சூடட்டும், சூடாது விடட்டும். எதுவாயினும் அவள் விருப்பப்படி ஆகட்டும். அரசாங்கமோ, இயக்கமோ, ஊரோ அத்தலைமீது இனிக் கைவைக்காத நிலையை உண்டாக்குவது எம் கடமை.