நனைந்தால் தெரியும் கல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



‘பொறுக்குதல்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் மதிப்புக் குறைவு. அதே செயலைத் ‘தொகுத்தல்’ என்று சொன்னால் மதிப்புக் கூடிவிடுகிறது. சுள்ளியைப் பொறுக்குவர், பாடலைத் தொகுப்பர். சிதறிக் கிடப்பதைத் தேடி எடுப்பது, எடுத்தவற்றுள் வேண்டுவதை வைத்துக்கொண்டு ஏனையவற்றை விடுவது என்ற அளவில் இரண்டும் ஒரே தொழில்தான். கல் பொறுக்கிய கையே கதையும் தொகுத்து, பின்னர் நிலத்தையும் எழுதி வாங்கிய இடம் ஒன்று உண்டு. அது வட அமெரிக்காவின் பேரேரிக் கரை.

சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரான், ஈரி, ஒண்டாரியோ ஆகிய ஐந்தும் பேரேரிகள் எனப்படும். ஏரி என்றவுடன் மதகும் கலிங்கும் கரைமேல் பனைவரிசையும் நினைவுக்கு வருதல் இயல்பு. அந்த அளவுகோல் இவற்றுக்குப் பொருந்தாது. மிச்சிகன் ஏரி ஒன்றின் பரப்பே ஏறத்தாழ 58,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் பாதிக்குச் சற்றுக் குறைவு. மிகு ஆழம் 281 மீட்டர். நீர் நன்னீர், அலையோ கடலலை. குளிர்காலத்தில் கரையோரம் உறைந்து கிடக்கும் பனிக்கட்டி, இளவேனிலில் உடைந்து நகரும்போது அடியிற் கிடக்கும் கற்களைப் புரட்டிக் கரையிற் சேர்க்கிறது. அந்நாள்களில் குனிந்த தலை நிமிராமல் கரையோரம் நடப்போரைக் காணலாம். கையில் ஒரு பை இருக்கும். சிலர் நீர் தெளிக்கும் புட்டி ஒன்றும் வைத்திருப்பர்.

அந்தப் புட்டி எதற்கு என்பதிலிருந்து தொடங்கலாம். மிச்சிகன் மாநிலத்தின் வடபகுதிக் கரைகளில் ‘பெடாஸ்கி கல்’ என்றொரு கல் கிடைக்கிறது. உலர்ந்த நிலையில் அது வெறும் சாம்பல்நிறச் சுண்ணாம்புக்கல். பக்கத்தில் கிடக்கும் ஆயிரம் கற்களிலிருந்து அதனைப் பிரித்தறிதல் பழகிய கண்ணுக்கே அரிது. நீர் பட்டவுடன் கதை மாறுகிறது. கல்லின் மேல் அறுகோணங்கள் எழுகின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கரும்புள்ளி. புள்ளியிலிருந்து ஓரம் வரை கதிர்கதிராக மெல்லிய கோடுகள். தேனடையை ஒருவர் மையால் வரைந்து வைத்தாற் போன்ற தோற்றம்.

அது வரைந்ததன்று; வாழ்ந்தது. ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலம் வெப்பமண்டலத்தில், ஆழமற்ற வெதுவெதுப்பான கடலின் அடியில் இருந்தது. அக்கடலில் கூட்டமாக வாழ்ந்த பவள உயிரிகளின் வீடுகளே இந்த அறுகோணங்கள். எக்சகோனாரியா பெர்காரினேட்டா என்பது அறிவியலார் இட்ட பெயர். ஒவ்வோர் அறையிலும் ஓர் உயிர் இருந்தது. அதன் வாய் இருந்த நடுப்பகுதியில் வண்டல் புகுந்து கறுத்து நின்றதே அந்தப் புள்ளி. டைனோசர்கள் தோன்றுவதற்கும் மிக முற்பட்டவை இவை. மிகப் பின்னர்ப் பனியூழிக் காலத்தில் பெரும் பனியாறுகள் பாறையைப் பெயர்த்து உடைத்து ஊரெங்கும் பரப்பின. எஞ்சிய வேலையை அலை செய்தது. கதிர்க்கோடுகள் தெளிவுறாத, அறைகள் மிகச் சிறுத்த வேறொரு பவளக் கல்லும் அங்கே உண்டு. அதனைச் ‘சார்லவாய் கல்’ என்பர். கடல் அல்லி எனப்படும் உயிரியின் தண்டுகள் துண்டுதுண்டாகி, நடுவில் துளையுள்ள மணிகளாகக் கிடப்பதும் உண்டு. கோத்தால் மாலை.

கல்லின் பக்கத்திலேயே கண்ணாடியும் கிடக்கிறது. உடைந்த புட்டிகளின் சில்லுகள் பல ஆண்டுகள் மணலிலும் அலையிலும் உருண்டு, கூர் மழுங்கி, பளபளப்பு நீங்கி, பனி படர்ந்தாற் போன்ற மேற்பரப்புடன் ஒதுங்குகின்றன. ஈரி ஏரிக்கரை இதற்குப் பேர் பெற்றது. பழுப்பும் வெண்மையும் பச்சையும் மிகுதி. மதுப்புட்டியும் குளிர்பானப் புட்டியும் விட்டுச் சென்றவை. அடர்நீலம் பெரும்பாலும் பழைய மருந்துக் குப்பி. சிவப்பு மிக அரிது. இளஊதா நிறச் சில்லு ஒன்று கிடைத்தால் பொறுக்குவோர் துள்ளுவர். நிறமற்ற கண்ணாடி வேண்டி அந்நாளில் அதில் மாங்கனீசு சேர்த்தனர். வெயிலில் கிடந்த கண்ணாடி நாளடைவில் ஊதாவாக மாறிவிட்டது. முதல் உலகப் போரை ஒட்டி மாங்கனீசுப் பயன்பாடு குறைந்ததால், அத்தகைய சில்லின் வயது நூற்றாண்டுக்கு மேல் என்று மதிப்பிடலாம்.

இவ்வழகின் பிறப்பு அழகானதன்று. குப்பையை நீரில் கொட்டியவர்களால் வந்த செல்வம் இது. ஈரி ஏரியிற் கலக்கும் கயஹோகா ஆறு, மேலே மிதந்த எண்ணெய்க் கழிவினால் 1969-ஆம் ஆண்டில் கிளீவ்லாந்து நகரருகே தீப்பற்றி எரிந்தது. ஆறு எரிந்த செய்தி நாட்டையே உலுக்கியது. 1972-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டத்திற்கு வழிகோலியவற்றுள் அதுவும் ஒன்று. கொட்டுவது குறைந்தது, கண்ணாடிப் புட்டியின் இடத்தையும் பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டது. இன்று கரைக்கண்ணாடி அருகி வருவது ஏரிக்கு நல்ல செய்தி, பொறுக்குவோர்க்கு அன்று. மிச்சிகன் ஏரிக்கரையில் லீலண்ட் என்னும் சிற்றூரில் கிடைக்கும் நீலக்கல்லும் இவ்வகையினதே. 1870-ஆம் ஆண்டில் அங்கே இரும்புருக்கும் உலை ஒன்று எழுந்தது. பதினைந்து ஆண்டளவில் அது மூடப்பட்டது. உலையிலிருந்து துறைமுகத்தில் கொட்டப்பெற்ற கசடு, கொப்புளத் துளைகளுடன் வான்நீலமாகக் கரையொதுங்குகிறது. அதனை மோதிரத்தில் பதிக்கின்றனர். உலை நடத்தியவர்களுக்கு இரும்பில் கிடைக்காத புகழ் கசடில் கிடைத்திருக்கிறது.

இனிப் பெயருக்கு வருவோம். 1965-ஆம் ஆண்டில் மிச்சிகன் அரசு பெடாஸ்கி கல்லைத் தன் மாநிலக் கல்லாக அறிவித்தது. பெடாஸ்கி என்பது கல் கிடைக்கும் ஓர் ஊரின் பெயர். ஊருக்கு அப்பெயர் ஒரு மனிதரிடமிருந்து வந்தது. ஒடாவா பழங்குடித் தலைவர்களுள் ஒருவரான பெடோசெகே என்பவரே அவர். எழுகின்ற ஒளிக்கதிர் என்பது அப்பெயர்க்குச் சொல்லப்படும் பொருள். கல்லில் கதிர்க்கோடுகள் இருப்பதும் பெயரில் கதிர் இருப்பதும் தற்செயல்; கவிஞர்கள் தற்செயலை எளிதில் விடுவதில்லை. ஆனால் அக்கரை எவ்வாறு கைமாறியது என்பது தற்செயலன்று. 1836-ஆம் ஆண்டில் வாஷிங்டனில் ஓர் உடன்படிக்கை எழுதப்பெற்றது. அதன்படி ஒடாவா, ஒஜிப்வே மக்கள் ஒரு கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுத்தனர்.

அரசின் சார்பில் அந்த உடன்படிக்கையைப் பேசி முடித்தவர் ஹென்றி ரோ ஸ்கூல்கிராஃப்ட். இவர் முதலில் கல் பொறுக்கியவர். 1820-ஆம் ஆண்டில் லூயிஸ் காஸ் தலைமையில் சுப்பீரியர் ஏரிவழிச் சென்ற ஆய்வுப் பயணத்தில் கனிமவியலாராகச் சேர்ந்தார். 1822-இல் சூ செயின்ட் மேரி என்னும் ஊரில் பழங்குடியினர்க்கான அரசு முகவரானார். அடுத்த ஆண்டு ஜேன் ஜான்ஸ்டன் என்னும் பெண்ணை மணந்தார். ஜேனின் தந்தை ஐரிஷ் வணிகர்; தாய் ஒஜிப்வே தலைவர் ஒருவரின் மகள். மனைவி வீட்டாரிடமிருந்தும் பிறரிடமிருந்தும் ஒஜிப்வே கதைகளை ஹென்றி தொகுத்தார். 1839-இல் அவை நூலாயின. கற்களைப் போலவே கதைகளும் அவர் பெயரில் அடுக்கப்பெற்றன. அந்நூல்களைப் படித்தே லாங்ஃபெல்லோ 1855-இல் ‘ஹயவாதா’ காவியத்தை இயற்றினார். ஒஜிப்வே கதைநாயகனுக்கு இரோக்குவா இனத்தவர் ஒருவரின் பெயர் ஏறிப்போனது, ஹென்றி செய்த குழப்பத்தின் விளைவு. கல்லின் பெயர்ச்சீட்டு மாறினால் இன்னொருவர் திருத்திவிடலாம். காவியத்தின் பெயர்ச்சீட்டு மாறியது மாறியதுதான்.

இதில் கவிஞர் அவை நின்று நோக்க வேண்டியவர் ஜேன். அவரே கவிஞர். ஆங்கிலத்திலும் ஒஜிப்வே மொழியிலும் எழுதினார். 1826-27-இல் கணவர் நடத்திய கையெழுத்துப் பத்திரிகையில் அவருடைய கவிதைகளும் கதைகளும் வேறு பெயர்களில் வந்தன. கையெழுத்துப் பத்திரிகை நடத்திப் பழகியவர்களுக்கு அதன் வாசகர் எண்ணிக்கை எவ்வளவு என்பது சொல்லாமலே விளங்கும். தம் இரு குழந்தைகளையும் தொலைதூரக் கிழக்குப் பகுதிப் பள்ளியில் விட்டுத் திரும்பும்போது, 1839-இல், தாய்மொழியில் ஒரு கவிதை எழுதினார். 1842-இல் மறைந்தார். அவருடைய எழுத்துகள் முழுமையாகத் திரட்டப்பெற்று நூலானது 2007-ஆம் ஆண்டில். நூற்று அறுபத்தைந்து ஆண்டுகள்! அமெரிக்கப் பழங்குடிப் பெண் கவிஞர்களுள் முதல்வராக இன்று எண்ணப்படுபவர், அத்தனை காலமும் கணவரின் தாள்கட்டுகளுக்குள் சாம்பல்நிறக் கல்லாகக் கிடந்தார்.

தொகுத்தவர் பெயர் நின்று, தந்தவர் பெயர் மறைந்த இந்நிலையைத் தமிழ் மரபோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. புறநானூற்றைத் தொகுத்தவர் யார் என்பது இன்றுவரை தெரியவில்லை. பாடியவர் பெயர்கள் பாட்டின் அடியில் நிற்கின்றன. பாடியவர் பெயர் கிட்டாதபோது பாட்டிலுள்ள தொடரையே பெயராக்கி, ‘செம்புலப்பெயனீரார்’ எனக் குறுந்தொகையில் மதித்துக் குறித்தனர். தொகைநூல் மரபில் எல்லாமே நேர்மையாக நடந்தன என்று சாதிக்க வேண்டியதில்லை. விடுபட்ட பாணர்களும் விறலியரும் எத்தனை பேரோ. எனினும் அந்த ஒரு வழக்கம் பெரிது.

ஹென்றி சென்ற அதே ஏரியை 1966-ஆம் ஆண்டில் வேறொருவர் சுற்றிவந்தார். லொரீன் நீடெக்கர் என்பது பெயர். விஸ்கான்சின் மாநிலத்தில் ஆற்றோரச் சிறு வீட்டில் வாழ்ந்தவர், மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்தவர், கவிஞர். கணவருடன் காரில் சுப்பீரியர் ஏரியைச் சுற்றினார். பாறை, கனிமம், ஊர்ப்பெயர், பழைய பயணிகள் என்று பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதினார். அத்தனையிலிருந்தும் சில பக்கங்களே கொண்ட ஒரு கவிதையை எடுத்தார். 1968-இல் அது நூலில் வெளிவந்தது. ஹென்றியும் அக்கவிதையில் ஒரு சிறு இடத்தில் வந்துபோகிறார். பையை நிரப்பிக்கொண்டு, வீடு வந்து, பெரும்பகுதியை மீண்டும் கொட்டிவிடத் தெரிந்தவர் நீடெக்கர். இந்த அவையில் பலருக்கு அந்தப் பாடம் இன்னும் கைவரவில்லை என்றால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

ஏரிக்கரையில் எடுப்பதற்கு இன்று அளவு உண்டு. மிச்சிகன் அரசு நிலத்தில் ஒருவர் ஓர் ஆண்டில் 25 பவுண்டு வரை, அஃதாவது ஏறத்தாழ 11 கிலோகிராம் வரை, தம் சொந்த விருப்பத்திற்குக் கல் எடுக்கலாம். தேசியப் பாதுகாப்பில் உள்ள ஸ்லீப்பிங் பேர் மணற்குன்றுக் கரையில் ஒரு கூழாங்கல்லையும் எடுக்கக் கூடாது. 2015-ஆம் ஆண்டில் ஒருவர் ஏரிக்குள்ளிருந்து 93 பவுண்டு எடையுள்ள பெடாஸ்கி கல்லை வெளியே கொணர்ந்தார். செய்தி பரவியதும் மாநில இயற்கைவளத் துறையினர் வந்து கல்லை எடுத்துச் சென்றனர். பின்னர் அது டெட்ராய்ட் நகரில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பெற்றது. 25 பவுண்டுக்கு மேல் எடுத்தல் குற்றம் என்று சொல்லும் அரசின் வாயும், ஒரு கோடி ஏக்கரை ஒரு தாளில் எடுத்துக்கொண்ட அரசின் கையும் ஒரே உடலின் உறுப்புகளோ என்று கேட்கத் தோன்றும். கேட்டுவிட்டு, சட்டம் நல்ல சட்டமே என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வருவோர் எல்லாரும் அள்ளினால் கரையில் மணல்தான் மிஞ்சும்.

ஒடாவா மக்கள் கரையை விட்டு அகன்றுவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1836-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி மீன்பிடிக்கும் உரிமை அவர்களிடமே உள்ளதென 1979-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாங்கள் இழந்த தாளிலேயே தேடி, எஞ்சிய சொற்களை அவர்கள் பொறுக்கி எடுத்தனர். பெடாஸ்கி வட்டாரத்து ஒடாவா மக்களைத் தனி அரசுரிமை உடைய குடியாக அமெரிக்க அரசு 1994-இல் மீண்டும் ஏற்றது.

கரையிலிருந்து வீடு சேர்வதற்குள் பையிலுள்ள கல் உலர்ந்துவிடும். அறுகோணங்கள் மறைந்து, பழைய சாம்பல்நிறம் திரும்பிவிடும். கல் மென்மையானது, பொறுமையுள்ளவர்கள் உப்புத்தாளைச் சொரசொரப்பிலிருந்து நைஸ் வரை மாற்றி மாற்றி மணிக்கணக்கில் தேய்த்து, இறுதியில் துணியால் மெருகேற்றுவர். அதன்பின் நனைக்காமலே உரு தெரியும். தேய்க்க மனம் வராதவர்கள் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் நீர் நிரப்பிக் கல்லை அதில் இட்டுச் சன்னலருகே வைத்திருப்பர். நீர் வற்ற வற்ற ஊற்றிவர வேண்டும்.