வாக்களிக்காத 205 பேர்

(ஐதராபாத்தில் நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



உயர் நீதிபதி ஒருவர் மீது புகார் வந்தால், அவரைப் பதவி நீக்கம் செய்யப் பாராளுமன்ற மெம்பர்கள் பிரேரணை கொண்டு வரலாமா, கூடாதா என்பதுதான் இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம். "இது பெரிய இடத்து விவகாரம், கட்டட வேலைக்கும் கூலி வேலைக்கும் வந்தவர்களுக்கு இதில் என்ன?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். நம் ஜாமீன், நம் நஷ்ட ஈடு, நம் குடிசைக்கு வருகிற காலி உத்தரவு எல்லாம் கடைசியில் அந்த நீதிபதியின் மேசைக்குத்தானே போகிறது?

நடந்த கதையைச் சொல்கிறோம். வி. ராமசாமி என்பவர் தமிழர். சென்னை ஐகோர்ட்டில் நீதிபதி, பிறகு பஞ்சாப்-ஹரியானா ஐகோர்ட்டில் தலைமை நீதிபதி, 1989-ல் சுப்ரீம் கோர்ட் நீதிபதி. சண்டிகரில் இருந்தபோது அரசு பங்களாவுக்கு மேசை நாற்காலி, கம்பளம் என்று பொதுப் பணத்தை வரம்பு மீறிச் செலவழித்தார் என்று புகார் கிளம்பிற்று. 1991-ல் லோக்சபை மெம்பர்கள் 108 பேர் பிரேரணையில் கையெழுத்துப் போட்டார்கள். சபாநாயகர் ரபி ராய் மார்ச் 12-ந் தேதி அதை ஏற்று மூவர் கமிட்டி அமைத்தார். மறுநாளே சபை கலைக்கப்பட்டது! சபை போனதும் பிரேரணையும் போயிற்று என்றார்கள். இல்லை, அது உயிரோடுதான் இருக்கிறது என்று சுப்ரீம் கோர்ட் அதே ஆண்டு அக்டோபரில் தீர்ப்புச் சொல்லிற்று.

கமிட்டியில் இருந்தவர்கள் சுப்ரீம் கோர்ட் நீதிபதி பி.பி. சாவந்த், பம்பாய் தலைமை நீதிபதி பி.டி. தேசாய், ஓய்வு பெற்ற நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி. இந்தக் கமிட்டி செல்லாது என்று சொல்லி ராமசாமி அதன் முன் வரவே இல்லை. 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபணமாகிவிட்டன என்று கமிட்டி அறிக்கை கொடுத்தது. 1993 மே 10, 11 தேதிகளில் சபையில் விவாதம். சோம்நாத் சாட்டர்ஜி பிரேரணையை முன்மொழிந்தார். நீதிபதிக்காக வக்கீல் கபில் சிபல் சபைக்குள் வந்து வாதாடினார்.

வாக்கெடுப்பு என்ன ஆயிற்று? ஆதரவு 196. எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை. அப்படியானால் பிரேரணை ஜெயித்திருக்க வேண்டும் என்றுதானே நினைப்பீர்கள்? தோற்றது! வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். அது நூற்றுக்கு நூறு கிடைத்தது. ஆனால் சபையின் மொத்த மெம்பர்களில் பாதிக்கு மேலும் வேண்டும். சபைக்குள் இருந்துகொண்டே காங்கிரசும் அதன் கூட்டாளிகளுமாக 205 பேர் வாக்களிக்கவில்லை. கட்சி உத்தரவு போடவில்லையாம், அவரவர் மனச்சாட்சிப்படி என்றார்களாம். 205 மனச்சாட்சிகளும் ஒரே நேரத்தில் தூங்கிப் போயின போலும்!

அவர் நிரபராதி என்று அந்த 205 பேரும் நம்பியிருந்தால் எழுந்து எதிர்த்து வாக்களித்திருக்கலாம். அதில் ஒரு நேர்மை இருந்திருக்கும், நாமும் மறுத்து வாதாடியிருக்கலாம். குற்றம் என்றும் சொல்லாமல், குற்றமில்லை என்றும் சொல்லாமல் போனதைத்தான் எங்களால் மன்னிக்க முடியவில்லை. ராமசாமி 1994-ல் ஓய்வு பெறும்வரை பதவியில் இருந்தார். 1999-ல் சிவகாசியில் எம்.பி. தேர்தலுக்கும் நின்று தோற்றார்.

அன்று இன்னொரு பேச்சும் அடிபட்டது. தென்னாட்டுக்காரர் என்பதால் வடக்கத்தியார் பழி வாங்குகிறார்களாம். ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கிற நமக்கு இந்தப் பேச்சு சட்டென்று உறைக்கும். நம்மவனை விட்டுக் கொடுக்கலாமா என்று தோன்றும். ஆனால் குற்றம் நிரூபணம் என்று கையெழுத்திட்ட சின்னப்ப ரெட்டி யார்? இதே ஐதராபாத் ஐகோர்ட்டில் நீதிபதியாக இருந்தவர், தெற்கத்தியார்தான். சார்ஜ் ஷீட் வாங்குகிற தமிழ் கேங்மேனுக்காக எந்த எம்.பி. "நம்ம ஆள்" என்று ஓடி வந்தார்?

சார்ஜ் ஷீட் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கிற நாங்கள் அந்தக் காகிதங்களோடுதான் நாள் கழிக்கிறோம். 1968-ம் வருடத்து ஒழுங்கு விதிகளில் 14-வது விதி என்று ஒன்று உண்டு. விசாரணை நடத்துவது நடைமுறையில் சாத்தியமில்லை என்று அதிகாரி காரணம் எழுதிவிட்டால் விசாரணையே இல்லாமல் டிஸ்மிஸ் செய்யலாம். 1981 லோகோ தொழிலாளர் போராட்டத்தில் பலரை அப்படித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். விசாரணையில்லாத டிஸ்மிஸ் செல்லும் என்று துளசிராம் பட்டேல் வழக்கில் 1985-ல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. நீதிபதிக்கோ 100 எம்.பி. கையெழுத்து (ராஜ்யசபை என்றால் 50), மூவர் கமிட்டி, இரண்டு சபையிலும் வாக்கு. அந்தப் பாதுகாப்பு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆட்சிக்கு எதிராகத் தீர்ப்பெழுதுகிறவரை நினைத்தபடி தூக்கி எறிய முடியக் கூடாது. ஆனால் விசாரணை முடிந்து குற்றம் தெரிந்த பிறகும் வாக்களிக்க மாட்டேன் என்பது பாதுகாப்பில் சேராது.

பிரேரணையால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு 2011-ஐச் சொல்கிறோம். கல்கத்தா ஐகோர்ட் நீதிபதி சௌமித்ர சென்னை நீக்க ஆகஸ்ட் 18-ல் ராஜ்யசபையில் 189 பேர் வாக்களித்தார்கள். லோக்சபைக்கு வருமுன் அவரே ராஜினாமா செய்தார். நம்மூர்க்காரர் பி.டி. தினகரன் மீது காவேரிராஜபுரம் நிலப் புகார். கமிட்டி விசாரித்து முடிக்குமுன் அதே வருடம் ஜூலையில் அவரும் விலகினார். 2025 முடிய ஒருவர்கூட இரண்டு சபையின் வாக்கால் நீக்கப்படவில்லை என்பது மெய். ஆனாலும் எம்.பி.க்கள் துணிந்து இறங்கியதால் நாற்காலிகள் காலியாகியிருக்கின்றன.

இந்த ஊரிலேயே நடந்ததையும் கேளுங்கள். ஐதராபாத் ஐகோர்ட் நீதிபதி ஒருவர் மீது, தலித் சிவில் நீதிபதி ஒருவரைத் துன்புறுத்தினார் என்று 2016 டிசம்பரில் ராஜ்யசபை மெம்பர்கள் பிரேரணைக்குக் கையெழுத்திட்டார்கள். பிறகு பலர் கையெழுத்தை வாபஸ் வாங்கினார்கள். விஷயம் கமிட்டி விசாரணைக்கே போகவில்லை. புகார் பொய்யென்றால் அந்த நீதிபதிக்கு அநியாயம், மெய்யென்றால் புகார் கொடுத்தவருக்கு அநியாயம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. திருப்பரங்குன்றம் தீப விவகாரத்துக்குப் பிறகு, 2025 டிசம்பரில், மதுரை பெஞ்ச் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் மீது 107 எம்.பி.க்கள் சபாநாயகரிடம் நோட்டீஸ் கொடுத்தார்கள். நம்மில் பலருக்கு அதில் சந்தோஷம். தீர்ப்பு தவறென்றால் அதற்கு அப்பீல் இருக்கிறது. பிரேரணை அதற்கான கருவியல்ல. நடத்தையில் பாரபட்சம் என்ற புகார் வேறு. அதைக் கமிட்டிதான் விசாரிக்க வேண்டும். இந்த இரண்டையும் நாம் குழப்பினால், நாளை நமக்குச் சாதகமாகத் தீர்ப்பெழுதுகிறவர் மீதும் இதே ஆயுதம் பாயும்.

கூட்டம் முடிந்ததும் மேசையில் ஒரு மனு இருக்கும். ஐதராபாத், செகந்திராபாத் எம்.பி.க்களுக்கும், ஊரில் ஓட்டு வைத்திருப்பவர்கள் அந்தந்தத் தொகுதி எம்.பி.க்கும் அனுப்ப வேண்டியது. கேட்பது மூன்றுதான்: படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள், போட்டதை வாபஸ் வாங்காதீர்கள், வாக்கெடுப்பன்று ஆதரித்தோ எதிர்த்தோ வாக்களியுங்கள். தெலுங்குப் பிரதி இன்னும் தயாராகவில்லை. பள்ளியில் தெலுங்கு படிக்கிற பிள்ளைகள் இருவர் ஞாயிற்றுக்கிழமை சங்க அறைக்கு வந்தால் எழுதி முடித்துவிடலாம்.